எலைட் கேம்ப் அழைப்பு வந்திருக்கிறது: 150 டாலர் கட்டலாமா?

மார்ச், ஏப்ரல் வந்தால் போதும், அமெரிக்காவில் ஹைஸ்கூல் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கிவிடும். மேலே பல்கலைக்கழகச் சின்னம், நடுவில் தலைமைக் கோச்சின் படம், கீழே "எங்கள் எலைட் கேம்ப்புக்கு உங்களை அழைக்கிறோம்" என்று ஒரு வரி. எலைட் கேம்ப் என்றால் கல்லூரி அணியின் கோச்சுகள் ஆட்டக்காரர்களை வரவழைத்துப் பார்க்கும் கட்டண முகாம். பிள்ளையின் பெயரும் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கும். எடிசனிலோ ஃப்ரிஸ்கோவிலோ இருக்கிற நம்மவர் வீடு என்றால் அன்று இரவே சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவுக்குச் செய்தி போய்விடும்: "யுனிவர்சிட்டிலேருந்து கூப்பிட்டிருக்காங்க."

கூப்பிட்டது உண்மை. அதே மின்னஞ்சல் இன்னும் பல நூறு வீடுகளுக்கும் போயிருக்கும் என்பதும் உண்மை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்சிஏஏவின் விதிப்படி பல்கலைக்கழகம் நடத்தும் கேம்ப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆள் எண்ணிக்கை, வயது, வகுப்பு, ஆணா பெண்ணா, இந்த நான்கைத் தவிர வேறு காரணம் சொல்லி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. கோச் கண்வைத்திருக்கும் ஆட்டக்காரருக்கும் இலவசமாக இடம் தரக் கூடாது. அவரும் காசு கட்டித்தான் வர வேண்டும். ஆகவே, "தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும்" என்ற வாசகத்துக்கு விளம்பரம் என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. கேம்ப் வருமானத்தில் ஒரு பங்கு உதவிக் கோச்சுகளுக்குப் போகிறது. சின்னக் கல்லூரிகளில் அவர்களுடைய சம்பளத்துக்கு அது பெரிய ஒத்தாசை. இதில் தப்பு ஒன்றும் இல்லை, கடைக்காரர் கூவத்தான் செய்வார்.

ஒரு நாள் எலைட் கேம்ப்புக்கு வழக்கமாக 75 முதல் 200 டாலர். ஹாஸ்டலில் தங்கும் நாலைந்து நாள் கேம்ப் என்றால் 400 முதல் 900 வரை. இது வாசல் கட்டணம்தான். விமானம், ஹோட்டல், வாடகைக் கார், கூட வருகிற அப்பாவோ அம்மாவோ என்று பார்த்தால் 150 டாலர் கேம்ப் சுலபமாக 800 டாலரைத் தொடும். கோடையில் இப்படி ஐந்து கேம்ப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு இரண்டு போதும். எந்த இரண்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அழைப்பில் எது நிஜம்

நிஜமான ஆர்வம் என்றால் உதவிக் கோச் தன்னுடைய போனிலிருந்தோ தன் பெயரில் உள்ள மின்னஞ்சலிலிருந்தோ எழுதுவார். குறிப்பிட்ட ஒரு மேட்சைச் சொல்வார். மார்க் ஷீட் கேட்பார். எந்த ஆண்டு பள்ளி முடிக்கிறாய் என்று அவர் கேட்க மாட்டார். அது அவருக்கு ஏற்கெனவே தெரியும். இப்படி எதுவும் இல்லாமல் பதிவு செய்யும் சுட்டி மட்டும் இருந்தால் அது பட்டியலிலிருந்து வந்தது.

சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. காசு கட்டும் முன் அந்த அணியில் ஆள் சேர்க்கும் பொறுப்புள்ள உதவிக் கோச்சுக்கு ஆட்டக்காரரே (பெற்றோர் அல்ல) நாலு வரி எழுதிக் கேட்க வேண்டும்: என் ஆண்டில் என் பொசிஷனுக்கு ஆள் எடுக்கிறீர்களா, என் வீடியோவைப் பார்க்க முடிந்ததா. தலைப்பு வரியிலேயே விவரம் இருக்கட்டும்: "2027, கார்ட், 6 அடி 1, ஜிபிஏ 3.8, ஜூன் கேம்ப்" (பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் பொசிஷன், உயரம், மார்க் சராசரி, எந்தக் கேம்ப்). வீடியோ 3 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நல்ல ஆட்டம் முதல் 30 வினாடிக்குள் வந்துவிட வேண்டும். பாட்டு, பளபளப்பு, ஸ்லோ மோஷன் எதுவும் வேண்டாம். எந்த நிற ஜெர்சி, எந்த எண் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டுங்கள். முழு மேட்ச் ஒன்றின் சுட்டியையும் சேருங்கள், ஆர்வம் வந்த கோச் அதைத்தான் தேடுவார்.

என்சிஏஏ கல்லூரிகளை மூன்று டிவிஷனாகப் பிரிக்கிறது, டிவிஷன் 1தான் மேல்மட்டம். ஆண்கள் கூடைப்பந்தில் டிவிஷன் 1 கோச்சுகள் 10ஆம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை ஆட்டக்காரரோடு ஆள் சேர்ப்புப் பேச்சே பேசக் கூடாது. தங்கள் சொந்தக் கேம்ப்பில் நேருக்கு நேர் நின்றாலும் அதே விதிதான். பெண்கள் பிரிவிலும் இதே போன்ற தேதி உண்டு. கேம்ப் விளம்பரத்தை மட்டும் யாருக்கும் அனுப்பலாம். அதனால்தான் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு விளம்பரம் வருகிறது, பதில் வருவதில்லை. பதில் வராததை வைத்து மனம் உடையவும் வேண்டாம், விளம்பரம் வந்ததை வைத்துக் கேசரி கிண்டவும் வேண்டாம்.

இன்னொரு வேலையை வீட்டிலிருந்தே பத்து நிமிடத்தில் செய்யலாம். அணியின் இணையப் பக்கத்தில் ஆட்டக்காரர் பட்டியலைத் திறந்து, உங்கள் பொசிஷனில் யார் எந்த ஆண்டில் படிக்கிறார்கள், எத்தனை பேர் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள் என்று எண்ணுங்கள். கார்டுகள் எல்லாரும் 21, 22 வயது மாற்றல் ஆட்கள் என்றால் அந்தக் கோச் ஹைஸ்கூல் பிள்ளைகளைத் தேடவில்லை. கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் பதிவேடு 2018இல் வந்தது. 2021இல் ஒரு முறை மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டியதில்லை என்றார்கள், 2024இல் எத்தனை முறை மாறினாலும் அப்படியே என்று ஆகிவிட்டது. ஹைஸ்கூல் பிள்ளைக்கு இருந்த இடம் இதில் நன்றாகவே சுருங்கிவிட்டது.

கேம்ப் நாளில் என்ன நடக்கும்

காலையில் பதிவு மேசையில் மூன்று காகிதம் கேட்பார்கள்: டாக்டரின் உடல் தகுதிச் சான்று, மருத்துவக் காப்பீட்டு அட்டையின் நகல், பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல். இதில் ஒன்று குறைந்தாலும் பிள்ளை காலரியில்தான் உட்கார வேண்டும். சான்று ஒரு வருடத்துக்குள் எடுத்ததா என்று தேதி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு எண் போட்ட டீஷர்ட். சில இடங்களில் ஷூ இல்லாமல் உயரம், கை விரித்த நீளம், நின்றபடி எட்டும் உயரம் அளப்பார்கள். மின்னஞ்சலில் 6 அடி 2 என்று எழுதிவிட்டு இங்கே 6 அடி ஒரு அங்குலம்கூடத் தேறாமல் நிற்கிற பையன்கள் நிறைய. அளவில் பொய் சொன்னால் மார்க்கிலும் சொல்லியிருப்பான் என்று கோச் நினைப்பார்.

அப்புறம் உடம்பைச் சூடுபடுத்தி, ஐந்தாறு ஸ்டேஷன்களாகப் பிரிந்து டிரில். மதியத்துக்கு மேல் ஐந்துக்கு ஐந்து மேட்ச்கள். நடுவில் வளாகச் சுற்றுலா, ஒரு பீட்சா.

மைதானமே முதல் பரீட்சை. ஹைஸ்கூல் கோர்ட்டின் நீளம் 84 அடி, கல்லூரிக் கோர்ட் 94 அடி. பத்து அடி கூடுவது ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றும். நாலாவது முறை திரும்பி ஓடும்போது தெரியும். மூன்று புள்ளிக் கோடு ஹைஸ்கூலில் 19 அடி 9 அங்குலம், கல்லூரியில் 22 அடி 1¾ அங்குலம் (மூலைகளில் சற்றுக் குறைவு). தரையில் இரண்டு கோடும் இருந்தால் பிள்ளை பழக்கத்தில் உள்கோட்டில் நின்று எறிவான், கோச்சின் கணக்கில் அது இரண்டு புள்ளி ஷாட். வெளிக்கோட்டில் நின்று எறிந்தால் பந்து ரிங்கின் முன் விளிம்பில் இடித்துத் திரும்பும். காரணம், கூடுதல் தூரத்துக்குக் காலை மடக்கி எழும்பாமல் தோளால் தள்ளுவது. கேம்ப்புக்கு நாலு வாரம் முன்பே ரிங்கின் நடுப்புள்ளிக்கு நேர் கீழிருந்து 22 அடி 2 அங்குலம் அளந்து டேப் ஒட்டி, தினமும் 100 ஷாட் போடுங்கள். முதல் 20ஐ ஓடி முடித்து மூச்சு வாங்கும்போதே எறிய வேண்டும், கேம்ப்பில் யாரும் ஓய்வெடுத்துக்கொண்டு ஷாட் போடுவதில்லை.

மேட்ச்களில் ஒரு கணக்கு பாருங்கள். அணிக்குப் பத்துப் பேர், 20 நிமிட மேட்ச், நாலு மேட்ச். மொத்தம் 80 நிமிடத்தில் பிள்ளை ஆடுவது 40 நிமிடம். கோர்ட்டில் பத்துப் பேருக்கு ஒரு பந்து. சராசரியாக அவன் கையில் பந்து இருக்கப்போவது 4 நிமிடம். கேம்ப் முடிந்து வீடு திரும்பும்போது "யாருமே பாஸ் பண்ணலைப்பா" என்பதுதான் காரில் கேட்கிற முதல் குறை. அது நிஜமும்கூட. எல்லாரும் தன்னைக் காட்ட வந்தவர்கள், யாரும் பாஸ் பண்ண மாட்டார்கள். மிச்சம் 36 நிமிடத்தைத்தான் உதவிக் கோச் பலகையும் பென்சிலுமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உதாரணத்துக்கு ஒரு டிரில்லைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தடுப்பவர் ரிங்குக்கு அடியில் நிற்கிறார், பந்து மூலைக்குப் பறக்கிறது. அவர் முழு வேகத்தில் ஓடிப்போய், கடைசி இரண்டு கஜத்தில் அடிகளைச் சின்னச் சின்னதாக ஆக்கி, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையை ஷாட்டுக்கு நேராகத் தூக்கி நிற்க வேண்டும். இதற்கு க்ளோஸ்அவுட் என்று பெயர். விறைத்த காலோடு பாய்ந்தால் எதிராளி ஒரே டிரிபிளில் தாண்டிவிடுவார். பாதி வழியில் நின்றால் நிதானமாக ஷாட் போடுவார். குதித்தால் ஃபவுல். சரியாகச் செய்தவர் அதோடு நிற்காமல், ஷாட் கிளம்பியதும் திரும்பி எதிராளியின் உடம்பில் முதுகைச் சாய்த்து ரீபவுண்டுக்கு வழியடைப்பார். இவ்வளவும் மூன்று வினாடி. பந்தைத் தொடாமலே ஒரு ஆட்டக்காரர் தன்னைக் காட்டிக்கொள்ளும் இடம் இது. முப்பது பேரில் நாலைந்து பேர்தான் கடைசிவரை செய்வார்கள், அந்த எண்கள் பலகையில் ஏறும்.

வேறு என்ன பார்க்கிறார்கள்? டிஃபென்ஸில் வாய் திறந்து பேசுகிறானா. பந்து பறிபோனதும் தலையில் கை வைக்கிறானா, திரும்பி ஓடுகிறானா. வெளியே உட்காரவைத்தால் தண்ணீர் பாட்டிலைத் தேடிப் பெஞ்சின் கோடிக்குப் போகிறானா, கோச் பக்கத்தில் உட்காருகிறானா. ஒரு டிரில்லில் தவறைச் சொன்னால் அடுத்த சுற்றிலேயே திருத்துகிறானா. கடைசியில் சொன்னதுதான் எங்கள் கணக்கில் மிகப் பெரியது. நேரில் வரவழைத்துப் பார்ப்பதே அதற்காகத்தான், வீடியோவில் அது தெரியாது.

தரத்தை எடைபோட மூன்று கேள்வி போதும். மொத்தம் எத்தனை பேர்? 60க்குள் என்றால் நல்லது. மூன்று கோர்ட்டில் 120 பேரை நிரப்பினால் அது சந்தைக்கடை. டிரில்களை நடத்துவது அணியின் கோச்சுகளா, கல்லூரி மாணவர்களா? தலைமைக் கோச் மேட்ச் நேரத்தில் இருப்பாரா, காலையில் வரவேற்புரை முடிந்ததும் கிளம்பிவிடுவாரா?

தனியார் எக்ஸ்போஷர் கேம்ப்

"40 கல்லூரிக் கோச்சுகள் வருகிறார்கள்" என்று சொல்லி விற்கும் வகை இது. இதில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். டிவிஷன் 1 கோச்சுகள் பள்ளிப் பருவத்துக்கு வெளியே ஆட்டக்காரர்களைப் பார்க்க என்சிஏஏ சில நாட்களைத்தான் ஒதுக்குகிறது. கோடையில் அவை ஜூன், ஜூலையில் சில வார இறுதிகளை ஒட்டி வரும், ஜூலையில் என்சிஏஏ சான்று பெற்ற நிகழ்ச்சிகளுக்குத்தான் போகலாம். பெரிய கோச்சுகள் அந்த நாட்களில் நைக், அடிடாஸ், அண்டர் ஆர்மர் கிளப் தொடர்களில் இருப்பார்கள். சவுத் கரோலைனாவின் நார்த் அகஸ்டாவில் ஜூலையில் நடக்கும் பீச் ஜாம் போட்டி மாதிரி. ஆகவே தனியார் கேம்ப் விளம்பரத்தில் டிவிஷன் 1 சின்னங்கள் வரிசையாக இருந்தால், தேதியை என்சிஏஏ நாட்காட்டியோடு ஒப்பிடுங்கள். ஒதுக்கிய நாட்களுக்கு வெளியே என்றால் அந்தச் சின்னங்கள் முன்பு எப்போதோ அங்கே ஆடிவிட்டுப் போனவர்கள் சேர்ந்த கல்லூரிகளுடையவை.

டிவிஷன் 2, டிவிஷன் 3, என்ஏஐஏ (என்சிஏஏவில் சேராத சிறிய கல்லூரிகளின் அமைப்பு), இரண்டாண்டு ஜூனியர் காலேஜ் கோச்சுகள் இவற்றுக்கு நிஜமாகவே வருகிறார்கள். இரண்டு நாளில் பத்துப் பதினைந்து கோச்சுகள் ஒரே இடத்தில் பார்க்கிறார்கள் என்றால், அந்த மட்டத்தில் ஆடக்கூடிய பிள்ளைக்கு இது பல்கலைக்கழகக் கேம்ப்பைவிட லாபம். கடைசி நாள் ஆல்ஸ்டார் மேட்ச், கோப்பை, "தேசிய தரவரிசை", 60 டாலருக்கு வீடியோத் தொகுப்பு, அச்சடித்த மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் உபரி வியாபாரம். மதிப்பீட்டு அறிக்கையில் "இடது கையை மேம்படுத்தவும்" என்று இருக்கும். எல்லாருக்கும் அதேதான் இருக்கும். வீடியோவை நீங்களே எடுங்கள்: காலரியின் நடுவில், மேல்படியில், டிரைபாடில், பாதிக் கோர்ட் தெரிகிற மாதிரி. பிள்ளையின் முகத்தையே பின்தொடர்ந்து எடுத்த வீடியோவால் கோச்சுக்குப் பயனில்லை.

திறன் வளர்க்கும் வாரக் கேம்ப்கள் வேறு ஜாதி. டிக் டிவென்சியோ தொடங்கிய பாயின்ட் கார்ட் காலேஜ் (பிஜிசி) போன்றவற்றில் நோட்டுப் புத்தகத்தோடு வகுப்பில் உட்காரவைத்து ஆட்டத்தை யோசிக்கக் கற்றுத்தருவார்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு இந்த வகைதான் சரி. ஸ்காலர்ஷிப்போடு நேரடிச் சம்பந்தம் இல்லை.

கேம்ப்பில் யாரோ பார்த்து வாழ்க்கை மாறும் என்ற நம்பிக்கைக்கு ஒரு பழைய வேர் உண்டு. ஹோவர்ட் கார்ஃபிங்கல் 1966இல் தொடங்கிய ஃபைவ் ஸ்டார் கேம்ப்புக்கு 1980 கோடையில் வந்துபோன பிறகுதான் மைக்கேல் ஜோர்டன் என்ற பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. அந்தக் கதையில் எல்லாரும் விட்டுவிடுகிற பகுதி: நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தார் அதற்கு முன்பே அவரைப் பார்த்துவைத்திருந்தார்கள். வீடியோ அனுப்ப வழியில்லாத அந்தக் காலத்திலேயே அப்படி.

ஸ்காலர்ஷிப் கணக்கு

என்சிஏஏ கணக்குப்படி ஹைஸ்கூலில் ஆடும் பையன்கள் சுமார் 5.4 லட்சம். அவர்களில் ஏதாவது ஒரு டிவிஷனில் கல்லூரி அணிக்கு ஆடுகிறவர்கள் 3.5 சதவீதம், டிவிஷன் 1 என்றால் ஒரு சதவீதம்.

டிவிஷன் 1இல் நெடுங்காலம் ஆண்கள் அணிக்கு 13, பெண்கள் அணிக்கு 15 முழு ஸ்காலர்ஷிப் என்ற உச்சவரம்பு இருந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஹவுஸ் வழக்கு (ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்சிஏஏ மீது தொடுத்தது) உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அணிக்கு 15 பேர் என்ற ஆள் வரம்புதான் இருக்கிறது. டிவிஷன் 2இல் அணிக்கு 10 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகை, அதைக் கோச் பதினைந்து பேருக்கும் பிய்த்துக் கொடுக்கலாம். "ஸ்காலர்ஷிப் கிடைத்தது" என்பது புத்தகச் செலவாகவும் இருக்கலாம். டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று ஒரு காசு கிடையாது. ஐவி லீகிலும் கிடையாது. ஹார்வர்ட் கேம்ப்புக்குப் போய் ஸ்காலர்ஷிப் வாங்கப்போகிறோம் என்று கிளம்புகிற குடும்பங்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கோச்சால் ஆகக்கூடியது அட்மிஷன் அலுவலகத்தில் ஒரு பரிந்துரை. 3.9 ஜிபிஏ உள்ள பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு டிவிஷன் 3 கல்லூரி படிப்புக்காகவும் குடும்ப வருமானத்துக்காகவும் தருகிற உதவி, டிவிஷன் 2 கோச் தரும் கால் ஸ்காலர்ஷிப்பைவிடப் பெரிதாக இருப்பது அடிக்கடி நடக்கிறது.

ஆட்டம் நன்றாக இருந்தும் கதவு மூடுகிற இடம் மார்க் ஷீட். டிவிஷன் 1க்கு என்சிஏஏ ஒப்புக்கொண்ட 16 அடிப்படைப் பாடங்கள், அவற்றில் 2.3 ஜிபிஏ, டிவிஷன் 2க்கு 2.2. டிவிஷன் 1க்குப் பதினாறில் பத்தை 12ஆம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியல். அந்த ஏழில் வாங்கிய மார்க்கைப் பிறகு திரும்பப் படித்துக் கூட்டிக்கொள்ள முடியாது. எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மதிப்பெண் கட்டாயம் என்பது 2023இல் போய்விட்டது. சென்னையிலோ கோவையிலோ பத்தாவது படித்துவிட்டு அமெரிக்காவில் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து இந்திய மார்க் ஷீட்களும் வேண்டும். பழைய பள்ளியிலிருந்து அதை வாங்க மாதங்கள் ஆகலாம், கேம்ப்புக்குப் பணம் கட்டும் முன் அந்த வேலையைத் தொடங்குங்கள்.

இந்தியாவிலிருந்தே முயல்கிறவர்களுக்கு அமெரிக்கக் கோடைக் கேம்ப் விலையேறிய வழி. பெங்களூரின் சஞ்சனா ரமேஷ் டிவிஷன் 1இல் உள்ள நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழக அணிக்குப் போனார். அதற்கு முன் இந்தியாவில் நடந்த என்பிஏ அகாடமி பெண்கள் முகாம்களில் ஆடியவர் அவர். அந்த மாதிரி முகாம், முழு மேட்ச் வீடியோ, சரியான மார்க் ஷீட், இந்த மூன்றும்தான் முதல் செலவு.

எங்கள் தீர்ப்பு இது. உதவிக் கோச் பெயர் சொல்லி எழுதியிருந்தால், 10ஆம் வகுப்பு முடிந்திருந்தால், அணியில் இடமும் இருந்தால், அந்தக் கல்லூரியின் ஒரு நாள் கேம்ப்புக்கு 150 டாலர் நியாயமான விலை. மட்டம் எது என்று நேர்மையாகத் தெரிந்த 11ஆம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு தனியார் கேம்ப் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவதாக ஒன்றுக்குக் கட்டும் காசைப் பாதத்துக்குச் சரியான ஷூவுக்கும் டிரைபாடுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு எலைட் கேம்ப் வேண்டவே வேண்டாம்.

கேம்ப் முடிந்த இரண்டு நாளுக்குள் ஆட்டக்காரர் நன்றி எழுத வேண்டும், கோச் திருத்திய ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு. வாய்ச்சொல்லாக வந்த "ஆஃபர்" யாரையும் கட்டுப்படுத்தாது. இந்தக் கல்லூரியில்தான் சேருவேன் என்று ஆட்டக்காரர் முன்பு கையெழுத்திட்டுவந்த தேசிய உறுதிக் கடிதமும் 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டுவிட்டது, இப்போது கையெழுத்திட்ட நிதியுதவி ஒப்பந்தம்தான் கணக்கு. ஒரு வாரம் கழித்து அதே கல்லூரியிலிருந்து "ஆகஸ்ட் கேம்ப்புக்கு உங்களை அழைக்கிறோம்" என்று வந்தால் அது மறுபடியும் பட்டியல் மின்னஞ்சல். உதவிக் கோச் தன் போனிலிருந்து மார்க் ஷீட் கேட்டால், அன்று இரவே அனுப்பிவிடுங்கள்.